பதினோரு சாவியும் ஒரு கடப்பாரையும்

காலை ஐந்து மணிக்குத் தேசப்பன் எழுந்தான். பல் துலக்கினான். டீ போட்டான். மனைவி அம்சவள்ளிக்கு மாத்திரையை எடுத்து நீட்டினான். அவள் விழுங்கினாள். இருவரும் உப்பளத்துக்கு நடந்தார்கள்.

சுனாமிக்கு அடுத்த பங்குனி அது. புது மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட வலிப்பு வரவில்லை. இதில் வருத்தப்பட்டவன், அவர்களோடு வேலை செய்யும் இருசப்பன் மட்டும்தான். வலிப்பு வந்தவர் கையில் இரும்பைத் திணிப்பது உப்பளத்து வைத்தியம். சாவியோடு முதலில் ஓடி வருபவன் அவன்தான். தானாக அடங்கும் வலிப்புக்கும் அவனே பேர் வாங்கிக்கொள்வான்.

அன்று உப்பு வாரிக்கொண்டிருந்த அம்சவள்ளி பலகையைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தாள். கூப்பிட்டால் பதிலில்லை.

"வந்துடுச்சி!" என்று கத்தினான் இருசப்பன். குரலில் அப்படியொரு சந்தோஷம்.

சைக்கிள் சாவி, பெட்டிச் சாவி, மோட்டார் கொட்டகைச் சாவி என்று அவள் கையில் குவிந்தன. வீட்டுக்குப் பூட்டே இல்லாத பாஞ்சாலை, கடப்பாரையை இழுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மே, அத்த எப்டி புடிப்பா அவ?" என்றான் இருசப்பன்.

"இரும்புதானேய்யா! ஒரு முனைய தொட்டா போதும்."

அம்சவள்ளி சாவிகளைப் பார்த்தாள். பதினொன்று.

"வலிப்பு இல்லண்ணா. செத்துப் போயிடலாம்னு இருக்குது. ஒரு மாசமா."

பாஞ்சாலை கடப்பாரையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அது அவளைவிட ஒரு முழம் உயரம்.

"இதுக்கு இன்னா குடுக்கறது?" இருசப்பன் தேசப்பனைக் கேட்டான்.

தேசப்பனோ, ஒரு மாதமாக அவள் பேசாமலிருந்ததை உடம்பு தேறுகிறது என்று நினைத்திருந்தான்.

"எந்திரி. பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான்.

பஸ்ஸில் இருசப்பனும் ஏறினான். பாஞ்சாலையும் ஏறினாள். டாக்டர் அறையில் நாற்காலியைப் பிடித்து முதலில் தன் முட்டிவலியைச் சொன்னவள் அவள்தான். அவளையும் இருசப்பனையும் டாக்டர் வெளியே அனுப்பினார்.

அம்சவள்ளி சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"சிலருக்கு இந்த மாத்திரையில மனசு இப்படி ஆகும். நீங்களா நிறுத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா மாத்தித் தர்றேன். மனசுக்குப் பாக்கிற டாக்டர் பக்கத்து ரூம்லதான் இருக்கார், இப்பவே பாத்துடுங்க." தேசப்பன் பக்கம் திரும்பினார். "தனியா விடாதீங்க."

பிறகு அவளிடம் கேட்டார்: "இப்பவும் அந்த நெனப்பு இருக்குதாம்மா?"

அவள் யோசித்தாள்.

"இருக்குது சார். பசியும் எடுக்குது."