கோப்பு மூடும் நாள்

கெய்லீன் செய்த தப்பு ஒரே ஒரு வாக்கியம்தான். புதன்கிழமை சாயங்காலம் டார்னிக்குப் போன் போட்டு, "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வெல்ஃபேர் வர்றாங்க, வீட்டுலயே இரு" என்றாள். அதற்குள் ஊரில் ஒரு சாவு வீட்டிலிருந்து இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. சடங்குக்கு இறைச்சி யார் வாங்குவது என்று அங்கே ஒரே குழப்பம். "வை, அப்புறம் பேசறேன்" என்று துண்டித்தவள் அப்புறம் பேசவே இல்லை.

சொல்லாமல் விட்ட மீதி இதுதான்: டார்னியின் பிள்ளைகள் விஷயமாகத் திறந்த கோப்பை மூடத்தான் வருகிறார்கள்.

ஆற்றோரத்து அந்த ஊரில் பழங்குடி மக்களே சேர்ந்து நடத்தும் குடும்ப உதவி மையத்தில் அவளுக்கு வேலை. அறுபது வயது, ஊருக்கே அத்தை. பெற்றவளிடமிருந்து பிள்ளைகளை அரசாங்கம் தூக்கிக்கொண்டு போகும் நிலைமை வராமல் முன்கூட்டியே பார்த்துக்கொள்வதற்குத்தான் சம்பளம். டார்னியைப் புருஷன் விட்டுவிட்டுப் போனதும் அவள் குடியில் விழுந்தாள். யாரோ புகார் சொல்ல, ஊர் வாயில் 'வெல்ஃபேர்' என்கிற அரசாங்கக் குழந்தைகள் நலத் துறை கோப்பைத் திறந்தது. பதினொரு மாதம் கெய்லீன் அந்த வீட்டுக்குக் கால் தேய அலைந்தாள். ஆறு வயது கிர்ராவைப் பள்ளியில் கொண்டுபோய் விட்டாள், மூன்று வயது டேலனுக்குப் பேன் பார்த்தாள். டார்னிக்குக் கை நடுங்கிய சாயங்காலங்களில் கூடவே உட்கார்ந்து தேநீராக ஊற்றிக் கொடுத்தாள். டார்னி தேறிவிட்டாள்.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீடுகளில் 'வெல்ஃபேர்' என்று வாயெடுக்கக் கூடாது, வருகிறவரின் பேரைச் சொல்ல வேண்டும். 'பிலிப்பா வர்றா' என்றால் யாரோ ஒரு மனுஷி வருகிறாள், அவ்வளவுதான். 'வெல்ஃபேர் வர்றாங்க' என்று காதில் விழுந்தால் அந்த ஊரில் மூன்று தலைமுறையாக ஒரே காரியம்தான் நடக்கும்: பிள்ளைகளை ஒளித்து வைப்பார்கள். பழங்குடிப் பிள்ளைகளைப் பிடித்துப்போய், தனித்தனி வெள்ளைக்கார வீடுகளில் வேறு பேர் வைத்து வளர்த்த துறை அது. அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த மகராசியே கெய்லீன்தான்.

வியாழன் காலை கெய்லீனும் துறை ஆளும் போனபோது வீடு பெருக்கித் துடைத்துப் பளிச்சென்று இருந்தது. டார்னி சமையலறை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிள்ளைகளைக் காணோம்.

"கிர்ரா எங்கடி?"

"இங்க இல்ல."

"டேலன்?"

"தெரியாது."

தான் போனில் என்ன வார்த்தை சொன்னோம் என்பது கெய்லீனுக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குப் பிறகு எதுவும் தெரியவில்லை, உடம்பே மரத்துப்போன மாதிரி இருந்தது.

"அடி பைத்தியமே, பிலிப்பா கோப்பை மூட வந்திருக்காடி. கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடுவா. நான்தான் பாதியில வச்சுத் தொலைச்சிட்டேன்."

"தடுப்பூசி போட்டுட்டுக் கொண்டாந்து விட்டுடறோம்னு சொல்லித்தான அத்தை எங்கம்மாவையும் சின்னப் பிள்ளையில கூட்டிட்டுப் போனாங்க?" டார்னியின் குரலில் கோபம்கூட இல்லை.

துறையிலிருந்து வந்த பிலிப்பா சின்னப் பெண், கெட்டவள் இல்லை. கெய்லீனை வெளியே கூப்பிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "என் கண்ணால பிள்ளைங்களப் பாக்காம மூட முடியாதும்மா. அஞ்சு மணிக்குள்ள பாக்கலேன்னா, காணோம்னு போலீஸுக்குச் சொல்லியாகணும். அதுக்கப்புறம் எதுவும் என் கையில இல்ல. எங்க இருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தக் குடும்பங்கள் ஒளித்து வைக்கிற இடம் ஒன்றுதான். ஆற்றுக்கு மேல்பக்கம், ஆட்டு ரோமம் கத்தரிக்கிறவர்கள் கைவிட்ட தகரக் கொட்டகை. அதன் பின்னால் ஆளுயரத்துக்குக் கோரை.

சொன்னால் டார்னிக்குச் செய்யும் துரோகம், சொல்லாவிட்டால் போலீஸ். யோசிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் யோசனை ஓடவில்லை. "வா, போகலாம்" என்றாள். டார்னியைக் கூட வரச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். அவள் வாசலை விட்டு அசையவில்லை.

"போ அத்தை. உன் வேலையப் பாரு."

மண் பாதை கெய்லீனுக்குத்தான் பழக்கம் என்பதால் துறையின் வெள்ளைக் காரை அவளே ஓட்டினாள். கொட்டகை வாசலில் டார்னியின் தம்பி வேட் நின்றிருந்தான். "இங்க யாரும் இல்ல அத்தை" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். அவன் காலடியில் இரண்டு ஜோடி சின்னச் செருப்பு கிடந்தது.

"கிர்ரா! அத்தைதான்மா வந்திருக்கேன். வா கண்ணு."

கோரை அசையவில்லை. யார் கூப்பிட்டாலும் வராதே என்று சொல்லி வைத்திருப்பார்கள். ஐந்து வயதில் கெய்லீனுக்கும் இதே கோரைக்குள் அப்படித்தான் சொல்லி வைத்தார்கள். அன்றைக்கு வந்து கூப்பிட்டது போலீஸ்காரன் இல்லை, தேவாலயத்தில் கேக் கொடுக்கிற தெரிந்த அம்மாள். அவசரமே இல்லாத குரலில், செல்லப் பேர் சொல்லி, தின்ன ஏதோ தருவதாகக் கூப்பிட்டாள். எட்டு வயது அக்கா எழுந்து நின்றுவிட்டாள், கெய்லீன் எழவில்லை. அக்காவை அவள் மறுபடி பார்க்க இருபத்தொன்பது வருஷம் ஆயிற்று.

இப்போதும் அந்தக் குரல் ஒன்றுதான் பலிக்கும் என்று கெய்லீனுக்குத் தெரிந்தது.

"டேலன் குட்டி, பசிக்குதாடா? கார்ல சூடா சிப்ஸ் வச்சிருக்கேன்."

காரில் ஒன்றும் கிடையாது. டேலன் எழுந்து நின்றான். அவன் சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பார்த்த கிர்ரா, முடியாமல் தானும் எழுந்தாள்.

பிலிப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்துட்டேன், முடிஞ்சுது! இனிமே இந்த வீட்டுப் பக்கமே நாங்க வரமாட்டோம்" என்று கார் முகப்பின் மேல் காகிதத்தை வைத்து அங்கேயே கையெழுத்துப் போட்டாள். சாட்சிக்குக் கெய்லீனும் போட்டாள். பதினொரு மாதமாக இந்த நிமிஷத்துக்காகத்தான் ஓடினாள். சந்தோஷம் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பின் சீட்டில் கிர்ரா முதலில் தம்பிக்கு பெல்ட் மாட்டிவிட்டாள்.

"எங்கள ஒரே வீட்டுல விடுவீங்களா, இல்ல வேற வேற வீடா?"

"அம்மாகிட்டதான் கண்ணு போறோம்."

"அப்படித்தான் சொல்லுவீங்கன்னு அம்மா சொன்னா."

கெய்லீன் வண்டியைக் கிளப்பினாள். கிர்ரா தம்பியின் காதருகே குனிந்தாள்.

"உன் பேரு டேலன். வேற யாரு என்ன பேரு வச்சாலும் உன் பேரு டேலன். சொல்லு."

"டேலன்."

"மறுபடி சொல்லு."

வீடு வந்து சேரும்வரை அவன் சொல்லிக்கொண்டே வந்தான்.