வாலைத் தரையில் வைத்த விமானம்

பெட்டியின் மேல் 'அனுபவசாலிகளுக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்ததும் லிஃப்ட் மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு வருஷமாகக் கட்டடம் கட்டடமாக ஏறி இறங்கி லிஃப்ட் பழுது பார்க்கிற மனிதர், துண்டு துண்டாக ஒட்டிச் செய்கிற ஒரு பிளாஸ்டிக் விமானத்துக்கு அனுபவசாலி இல்லாமல் போய்விடுவாரா? மச்சான் போன வருஷம் வாங்கிக் கொடுத்தது அது. கொடுக்கும்போதே, அக்காவின் வாயிலிருந்து தப்பித்து ஒரு மூலையில் உட்கார மாமாவுக்கும் ஒரு வேலை வேண்டாமா என்று கிண்டலடித்துத்தான் கொடுத்தான். ஒரு வருஷமாக அலமாரியின் தலையில் தூசி தின்றுகொண்டு கிடந்ததை, கம்பெனி அவரைக் கட்டாய விடுப்பில் அனுப்பிய இரண்டாம் நாள் கீழே இறக்கினார். இறக்காவிட்டால் சுவரைத்தான் பிறாண்டியிருப்பார்.

நடந்தது இதுதான். கதவு சரியாக மூடாவிட்டால் லிஃப்ட் நகராது. அதற்கென்று ஒரு மின்தொடர்பு இருக்கிறது. பழுது பார்க்கும்போது மட்டும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டிவரும். அப்போது மொட்டைமாடி மெஷின் ரூமில் ஒரு சாண் ஒயரை மாட்டி அந்தத் தொடர்பை ஏமாற்றுவார்கள். வேலை முடிந்ததும் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும். அந்த ஆறு மாடிக் கட்டடத்தில் ஒயர் பிடுங்கப்படவில்லை. மறுநாள் காலை மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா உள்ளே கால் வைத்தார். கதவு திறந்தபடியே லிஃப்ட் கிளம்பிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

அங்கே வேலைக்குப் போனவர்கள் இரண்டே பேர். மெக்கானிக்கும், ஒன்பது வருஷமாக அவரோடு ஜோடி சேர்ந்து வேலை செய்யும் குச்சியும். ஆள் ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவனை யாரும் நிஜப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒயரைத் தான் எடுத்துவிட்டதாக மெக்கானிக் எழுதிக் கொடுத்தார். பொய் சொல்லவில்லை, சத்தியமாக அப்படித்தான் நம்பினார். ஒயரைப் பிடுங்கி விரலில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டது அவருக்குக் கண்ணுக்குள்ளேயே நின்றது. போதாததற்கு சர்வீஸ் தாளில் பன்னிரண்டாம் வரி, 'ஒயர் நீக்கப்பட்டது', அதற்கு நேரே அவர் கையால் போட்ட டிக். அப்படியானால், கடைசியாகக் கருவிப் பையை எடுத்துவர மேலே போன குச்சிதான் எதையோ சோதிக்க மறுபடி மாட்டியிருக்க வேண்டும். அவர் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்டிக் கழித்துப் பார்க்கிற யாருக்கும் அது தானாகவே வந்துவிடும். வெள்ளிக்கிழமை விசாரணை. இரண்டு பேரில் ஒருவருக்கு வேலை போகும்.

தப்புச் செய்யாத மனிதர் காலை நீட்டி நிம்மதியாகப் படுக்க வேண்டியதுதானே? அதுதான் முடியவில்லை. இருப்புக் கொள்ளாமல் கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தார். குழாயை இறுக்கினார், இறுக்கிய குழாயை மறுபடி இறுக்கினார், மூன்றாம் தடவை இறுக்கியபோது அது கையோடு வந்துவிட்டது. மருந்துக்கடைக்கு மதிய வேலைக்குப் போகிற மனைவி, காலையில் ஒரு பொழுதாவது வீடு வீடாக இருக்கட்டும் என்று, அவரை விமானத்தின் முன்னால் பிடித்து உட்கார வைத்தாள்.

முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகள். இரட்டை எஞ்சின் சரக்கு விமானம். ஒவ்வொரு துண்டையும் அது ஒட்டிக்கொண்டு வருகிற பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து நகவெட்டியால் கத்தரித்து, பிசிறை உப்புத்தாளில் தேய்த்து, பசை தொட்டு, மூச்சை அடக்கி ஒட்ட வேண்டும். விமானியின் இருக்கைக்கு மட்டும் ஏழு துண்டுகள். ஒன்று அரிசி மணியை விடச் சிறியது. அது தரையில் விழுந்து, அவரும் மனைவியும் அரை மணி நேரம் தவழ்ந்து தேடியிருக்கிறார்கள். கல்யாணமான புதிதில்கூட இப்படி என் பின்னால் தவழ்ந்ததில்லை என்று அவள் சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்து, சிரிப்பு பாதியில் நின்றது. இறக்கையை ஒட்டிவிட்டுப் பசை காய்கிற நேரம்தான் பெரிய சித்திரவதை. காய்ந்ததா, காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்து, இறக்கையின் மேல் அவர் கைரேகையே பதிந்துவிட்டது.

ஆனால் ஒழுங்கில் குறை வைக்கவில்லை. செய்முறைத் தாளில் நாற்பத்தொரு படிகள். ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் டிக். தொழில் புத்தி எங்கே போகும்?

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குச் சக்கரங்களை ஒட்டி முடித்தார். பசை இறுகும்வரை தாங்கு கொடுத்திருந்த தீப்பெட்டிகளை ஒவ்வொன்றாக உருவினார். விமானம் ஒரு நொடி மூன்று சக்கரத்தில் நின்றது. பிறகு மூக்கை மெதுவாகத் தூக்கி, வாலைத் தரையில் வைத்து உட்கார்ந்துகொண்டது. மூக்கை விரலால் அழுத்தி விட்டார். மறுபடி தூக்கியது.

மூக்குச் சக்கரத்தில் நிற்கிற விமானங்களுக்கு இந்த வியாதி உண்டு. இறக்கையும் வாலும் பின்பக்கம் இழுக்கும். அதற்காகத்தான் உடம்பின் இரண்டு பாதிகளையும் ஒட்டி மூடுவதற்கு முன்னால் மூக்குக்குள் எடை வைக்கச் சொல்லியிருந்தார்கள். பதினான்காம் படி. தூண்டிலில் கட்டுகிற ஈய உருண்டைகளை அதற்கென்றே வாங்கி வந்திருந்தார். செய்முறைத் தாளை எடுத்துப் பார்த்தார். பதினான்கில் டிக் இருந்தது. பசையை விட்டு, உருண்டைகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தியது அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. விரல் நுனியில் அந்தக் குளிர்ச்சிகூட.

அப்படியானால் பொம்மைக் கம்பெனிக்காரன் எடையைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டான். அவனைத் திட்டிக்கொண்டே, வால் பக்கம் எதையாவது கனமாக ஒட்டிவிட்டோமா என்று பார்க்க, காலிச் சட்டங்களைப் பெட்டியிலிருந்து மேஜையில் கொட்டினார். சட்டங்களோடு ஈய உருண்டைப் பொட்டலமும் வந்து விழுந்தது. கடைக்காரர் குத்திய ஸ்டேப்ளர் பின் அப்படியே இருந்தது. பிரிக்கவே இல்லை.

மெக்கானிக் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிரிக்காத பொட்டலத்திலிருந்து எந்த உருண்டையை எடுத்து அழுத்தினார்? எந்தக் குளிர்ச்சி விரலில் இருந்தது? நாற்காலியில் உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். மனைவி சோற்றுக் கரண்டியோடு வந்து என்னவென்று கேட்டாள்.

அவர் சொன்னார். பதினான்காம் படியைப் படித்தவுடனேயே டிக் போட்டிருக்கிறார்; செய்யப் போகிற வேலைதானே என்று. அதற்குள் ஏதோ போன் வந்திருக்கும். திரும்பி வந்து பார்த்தால் டிக் இருந்திருக்கும், மூடி ஒட்டிவிட்டார். பிறகு இன்னொன்றையும் சொன்னார். அது அவருக்கு எப்போதும் தெரிந்த விஷயம்தான், சொல்லத் தக்க விஷயம் என்று இதுவரை தோன்றியதில்லை. அந்தக் கட்டடத்தின் மெஷின் ரூமில் பல்பு எரிவதில்லை. இருட்டில் எழுத முடியாதென்று, மேலே ஏறுவதற்கு முன்பே, வாட்ச்மேன் மேஜையில் வைத்து இருபது வரிக்கும் டிக் போட்டுவிடுவார். அன்றைக்கும் அப்படித்தான். பன்னிரண்டாம் வரிக்கு டிக் விழுந்தபோது ஒயர் இன்னும் மாட்டப்படவே இல்லை.

"பொம்மை பிளேன் வாலைத் தரையில வச்சதுக்காக வேலையை விடப் போறீங்களா?" என்றாள் மனைவி. குரலில் கிண்டல் இல்லை, பயம்தான் இருந்தது. "ஈயத்தை மறந்தீங்க. சரி. அதனால ஒயரையும் மறந்தீங்கன்னு ஆயிடுமா?"

ஆகாது. அவருக்கும் தெரியும். எடுத்தும் இருக்கலாம், எடுக்காமலும் இருக்கலாம். ஆனால் எடுத்தேன் என்று அடித்துச் சொல்ல இனி அவரிடம் ஒன்றும் இல்லை. டிக்கும் போயிற்று, கண்ணுக்குள் நின்ற காட்சியும் போயிற்று. ஆயிரம் லிஃப்டில் ஆயிரம் தடவை ஒயரைச் சுற்றிப் பையில் போட்டவர். அதில் எந்தத் தடவையைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ? வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்று அவள் கேட்டாள். அவர் போனை எடுத்துக் குச்சியைக் கூப்பிட்டார்.

குச்சி வழக்கம்போல உற்சாகமாகத்தான் பேசினான். விசாரணைக்கு முன்னால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று அவர் இழுத்ததும், இடைமறித்தான்.

"அதை விடுங்கண்ணே. நான் நேத்தே எழுதிக் குடுத்துட்டேன். நான்தான் திரும்ப மாட்டினேன்னு."

ஏன் அப்படி எழுதினாய் என்று அவர் கேட்டார்.

"முதல்ல எனக்கு ஒண்ணுமே ஞாபகமில்ல. பையை எடுத்துட்டு வந்தேன், அவ்வளவுதான் தெரியும். ஆனா நீங்க எடுத்தேன்னு அவ்வளவு உறுதியா சொல்றீங்க. ஒன்பது வருஷத்துல நீங்க தப்புப் பண்ணி நான் பார்த்ததில்ல. அப்போ நான்தானே? உட்கார்ந்து யோசிச்சேன், யோசிக்க யோசிக்க எல்லாம் வந்துடுச்சு. மூணாவது மாடிக் கதவுல சத்தம் கேட்டுச்சு, ஒரு தடவை பார்த்துடுவோம்னு மாட்டினேன். கண்ணுக்குள்ளேயே நிக்குதுண்ணே."

'கண்ணுக்குள்ளேயே நிற்கிறது' என்றுதான் மெக்கானிக்கும் விசாரணைக்கு எழுதிக் கொடுத்திருந்தார்.

"அது உன் ஞாபகம் இல்லடா," என்றார். "நான் சொன்னதுதான் உனக்குள்ள போய் உட்கார்ந்திருக்கு."

குச்சி ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணன் தனக்காகப் பழியை ஏற்றுக்கொள்ளப் பார்க்கிறார் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டு, தழுதழுத்த குரலில் நன்றி வேறு சொன்னான். அதைக் கேட்க முடியாமல் அவர் போனை வைத்தார். அவனிடம் பேசிப் பயனில்லை. அவன் எழுதிக் கொடுத்ததை வாங்கி வைத்திருக்கிற சர்வீஸ் மேனேஜரிடம்தான் பேச வேண்டும். அந்த மனிதர் ஃபைலை மூடியே இருப்பார், திறக்க விரும்ப மாட்டார். எப்போது டிக் போட்டீர் என்று யாருமே கேட்கப் போவதில்லை. அவராகத்தான் சொல்ல வேண்டும்.

சட்டையை மாட்டினார். பித்தான்களை ஒரு துளை தள்ளிப் போட்டு, பிரித்து மறுபடி போட்டார். மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது.

"போக வேண்டாம்னு சொல்லல," என்றாள். "எப்படியும் நாளைக்கு விசாரணை. நாளைக்குச் சொன்னா ஆகாதா?"

"நாளைக்குள்ள ஒயரை எடுத்தேன்னு நானே மறுபடி நம்பிடுவேன்," என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கினார்.