பெண் கேட்டு வந்தவருக்கு அரசாணிக்காய்

யூனிஸ் இருந்த கோபத்தில் ஒரு பீட்ரூட்கூட ஒழுங்காக நறுக்குப்படவில்லை. கோபம் வராதா பின்னே? மத்தியானம் பிராங்ளின் பெண் கேட்டு வருகிறான். மலைமேல் இத்தலார் பக்கம் பாக்டரிகளுக்குத் தேயிலை எடுக்கும் ஏஜென்ட். ஜீப்பும் அவனுடையது, ஜம்பமும் அவனுடையது.

தேயிலை விலை தரைதட்டிக் கிடந்த காலம் அது. ஊரில் பாதிப்பேர் இலையை பாக்டரிகள் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன. யூனிஸின் அப்பா ஜஸ்டஸின் இலையை மட்டும் பிராங்ளின் தவறாமல் எடுத்தான். ஏன் எடுத்தான் என்பது போன வாரம்தான் தெரிந்தது. கூடவே ஒரு நிபந்தனை வேறு: கல்யாணம் ஆனால் படிப்பு கிடையாது, கோயம்புத்தூரில் டீச்சர் ட்ரெயினிங்குக்குக் கிடைத்த இடத்தை அவள் விட்டுவிட வேண்டும். மாட்டேன் என்றால் இலை நின்றுபோகும். அப்பாவோ வாயில் கொழுக்கட்டையை வைத்ததுபோல் இருந்தார். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அடுப்பில் எலும்பு வெந்துகொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவள் அண்ணி ஹலீனா. அண்ணன் நெல்சன் உக்ரைனுக்குப் படிக்கப் போய்க் கட்டிக்கொண்டு வந்த பெண். தமிழை ‘ங்க’வோடு சேர்த்தே கற்றவள், பூனையைக்கூட ‘போங்க’ என்றுதான் விரட்டுவாள். “உங்க தேசத்துப் பக்கத்து ஆளுங்க நம்ம டீயை வாங்காம விட்டுத்தான் இந்தக் கதி” என்று சந்தையில் யாராவது சீண்டினால், “நான் ஒருத்தியே நாலு பேர் டீ குடிக்கிறேனுங்க” என்பாள்.

பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, மலைப்பூண்டு எல்லாம் போட்டு, மேலே தயிராடை விட்டு அவள் காய்ச்சும் போர்ஷ் சூப்பை ஊரே கேட்டு வாங்கிக் குடித்தது. ஜஸ்டஸ் மட்டும் தொட்டதில்லை. “செவப்பா இருக்குது” என்று ரசத்துக்குப் போய்விடுவார்.

“எங்க ஊர்ல பேச்சு பொண்ணு கையிலதானுங்க” என்றாள் ஹலீனா. “மாப்பிள்ளையப் புடிச்சா பூ வேலை செஞ்ச துண்டைக் கட்டி விடுவா. புடிக்காட்டி அரசாணிக்காயைக் கையில குடுப்பா. வெக்கப்பட்டுப் போயிருவாங்க.”

“வாயே தொறக்க வேண்டாமா அண்ணி?”

“வேண்டாமுங்க.”

யூனிஸுக்கு உயிர் வந்தது. கொல்லைப் பரங்கிக் கொடியிலிருந்து இருப்பதிலேயே பெரிய அரசாணிக்காயைத் தூக்கிவந்து துடைத்து வைத்தாள்.

பிராங்ளினும் அவன் அம்மா ஞானசுந்தரியும் வந்தார்கள். ஊட்டியில் வேலை பார்க்கும் நெல்சனுக்கு லீவு கிடைக்கவில்லை. வந்தவர்கள் வயிறு நிறையாமல் பேச்சை எடுக்கக் கூடாது என்பது ஹலீனாவின் சட்டம். போர்ஷ் வந்தது. மாவுக்குள் உருளைக்கிழங்கு மசியலைப் பொதித்து வேகவைத்து, வெங்காயம் தாளித்துக் கொட்டிய வரேனிகியும் வந்தது. “உப்புக் கொழுக்கட்டையாட்டம் இருக்குது” என்று ஞானசுந்தரி வாங்கி வாங்கிச் சாப்பிட்டாள். வந்தவர்கள் முன்னால் மறுக்க முடியாமல் ஜஸ்டஸும் ஒரு வாய் வைத்தார். அப்புறம் கிண்ணத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை.

கை கழுவியதும் யூனிஸ் அரசாணிக்காயைக் கொண்டுவந்து பிராங்ளின் கையில் வைத்தாள்.

பிராங்ளின் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். “உங்க தோட்டத்துதுங்களா?”

“பொண்ணுக்குச் சம்மதம்டா!” என்றாள் ஞானசுந்தரி. “வெளைச்சலையே கையில குடுக்குதே! எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணலாம்.”

அடக் கடவுளே! மடியில் அரசாணிக்காயோடு பிராங்ளின் கண்ணை மூடிவிட்டான். ஞானசுந்தரி மணமகளுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லிக்கொண்டே போனாள். யூனிஸ் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பேயறைந்தவள்போல் நின்றிருந்தாள். இந்த மலையில் காய் பேசாது, நாம்தான் பேச வேண்டும் என்பது யூனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆமென்” என்றாள் ஞானசுந்தரி.

“எனக்கு இஷ்டமில்லைங்க” என்றாள் யூனிஸ்.

நான்கு ஜோடிக் கண்கள் அவள்மேல் விழுந்தன. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. “அண்ணி ஊர்ல அரசாணிக்காய் குடுத்தா மாப்பிள்ளை வேண்டாம்னு அர்த்தமுங்க. உங்களுக்குப் புரியல. அதான் வாயால சொல்றேன். நான் படிக்கப் போறேன்.”

பிராங்ளின் காயை நாற்காலியில் போட்டுவிட்டு எழுந்தான். “நாளைக்கு உங்க இலையை எவன் எடுக்கறான்னு பாக்கறேன்!”

ஜஸ்டஸ் கிண்ணத்தின் அடியை வழித்து நக்கிவிட்டு மெல்ல எழுந்தார்.

“இலை செடியிலயே முத்தட்டுமுங்க” என்றார். “இலைதான் விக்கிறேன். எம்புள்ளைய மூட்டைக்குள்ள வெச்சுக் கட்டல. செடியப் பிடுங்கிட்டு பீட்ரூட் போட்டாலும் போடுவேனுங்க.”

கோபத்திலும் அப்பாவை அந்த ‘ங்க’ விடவில்லை. யூனிஸ் அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்தே செய்தாள்.

அம்மாவும் மகனும் விடுவிடுவென்று ஜீப்பில் ஏறினார்கள். அது கிளம்புவதற்குள் ஜஸ்டஸ் வெறுங்காலோடு ஓடினார், இடுப்பில் அரசாணிக்காயோடு. “ஏனுங்க, இதை உட்டுட்டுப் போறீங்களே!” என்று பின்சீட்டில் வைத்துக் கதவைச் சாத்தினார். அண்டை அயலெல்லாம் வாசலில் நின்று பார்க்க, அரசாணிக்காய் ஜீப்பில் ஏறிப் போயிற்று.

திரும்பி வந்த ஜஸ்டஸ் நேரே அடுப்படிக்குப் போய்க் கிண்ணத்தை நீட்டினார். “அந்தச் செவப்புக் குழம்பு இன்னும் இருக்குதா, அம்மிணி?”

“இருக்குதுங்க மாமா” என்றாள் ஹலீனா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.