லாக்குல விழுந்த ஓட்டை

தேவயானிக்கு அன்னிக்கு சோறு எறங்கல. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு பின்னால ஒரு மாடியில சின்ன சாப்ட்வேர் ஆபீசு, அங்கதான் அவளுக்கு வேல. திண்டிவனத்துல தாண்டவராயன் மல்லாட்டை மண்டிக்கு, வேர்க்கடல மூட்டை எடை போடற ஆப்பு எழுதிக் குடுத்திருந்தா. அந்த ஆப்பு என்னென்ன செய்யுதோ அத்தனையும் நேரம் போட்டு அதுவே எழுதி வெச்சிக்கும். அதுக்குப் பேரு லாக்காம். எவ்ளோ எழுதணும், எங்க எழுதணும்னு செட்டிங் வெச்சது இவதான்.

அதுல ஓட்டை விழுது. தெனம் ஒன்றரை மணி நேரம் ஒரு வரி கூட இல்ல. ஒரே நேரமா இருந்தாலாவது புடிச்சிடலாம். திங்கக்கிழமை காலையிலயே வெறுமையாக் கெடக்குது, செவ்வாக்கிழமை சாயங்காலம், வெள்ளிக்கிழமை பதினோரு மணி வாக்குல. பேஜாருதான் போ.

மொதலாளி பார்த்திபன் பாத்துட்டு, சனிக்கிழமைக்குள்ள சரி பண்ணலன்னா அடுத்து வர்ற கெடார் மண்டி வேலைய கலைப்பிரியாகிட்ட குடுத்துடுவேன்னுட்டாரு. பக்கத்து சீட்டுல கலைப்பிரியா, சிரிப்ப அடக்கிக்கினு கீபோர்ட தொடைச்சிக்கினு இருந்தா.

முக்கியமானத மட்டும் எழுதுன்னு இருந்தத, எல்லாத்தையும் எழுதுன்னு மாத்திப் பாத்தா. வேற பைல்ல எழுதச் சொல்லிப் பாத்தா. மறுநாளும் ஓட்டை. மண்டிக்கு போன் போட்டு ஆப்பு நின்னுச்சான்னு கேட்டா, எடை போடற சுப்புராயன், நிக்கலியே நல்லாத்தான் ஓடுதுன்றாரு. அவளுக்குத் தல சுத்திப்போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில பஸ் ஏறி நேரா திண்டிவனம் போய்ட்டா. மண்டியில எடை நடந்துக்கினு இருந்துச்சு, லாக்கும் வரி வரியா ஓடுச்சு. பத்தரை ஆச்சு. சுப்புராயன் துண்ட ஒதறி தோள்ல போட்டுக்கினு எழுந்துட்டாரு. மூட்டை தூக்கறவங்க ஒக்காந்துட்டாங்க. லாக்கும் நின்னுடுச்சு.

"ஏண்ணா, எடை போடலியா?"

"ராகு காலம்மா. ஓனரு இந்நேரத்துல ஒரு மூட்டைய தராசுல ஏத்த வுட மாட்டாரு."

"போன்ல இத சொல்லக் கூடாதாண்ணா?"

"ஆப்பு நின்னுச்சான்னுதான கேட்ட. நாங்க நின்னோமான்னு கேட்டியா?"

அவ அங்கயே லேப்டாப்ப தொறந்து, சும்மா இருக்கும்போதும் முழிச்சிக்கினுதான் இருக்கேன்னு ஆப்பு அப்பப்ப ஒரு வரி எழுதற மாதிரி செட்டிங்க மாத்துனா. பார்த்திபனுக்கு போன் போட்டு நடந்தத சொன்னா. அவரு, கெடார் வேல ஒன்கிட்டயே இருக்கட்டும்னு போன வெச்சிட்டாரு.

வெச்சவரு ஒடனே திரும்பக் கூப்புட்டாரு.

"தேவயானி, செட்டிங்க இப்பவே மாத்திட்டியா?"

"ஆமா சார்."

"ஏம்மா, பன்னண்டு மணிக்கு மேல மாத்தியிருக்கக் கூடாதா?"