ஒஸ்டினின் நெளிவுகள்

“நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா ஒரு ஃபோட்டோ எடுத்தாலும் இப்படித்தானே இருக்கும்?” என்றாள் சஞ்சீவனி.

பழைய கார்களை வைத்து கண்டியில் நடக்கவிருந்த ஓவியக் கண்காட்சிக்குப் படங்களைத் தெரிவுசெய்கிறவள் அவள். சிந்துஜா தன் படத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். டவுனில் பெயர்ப்பலகை எழுதும் கடையில் அவளுக்கு வேலை. நேர்க்கோடு பிசகாத கை. ஹேவாஹெட்ட பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை அந்தப் பேச்சு உறுத்தியது. அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பதுதான் கூடுதலாக உறுத்தியது.

காசின்மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தால் காசின் உருவம் வருமே, அப்படி ஒரு முழுக் காரையே எடுத்தால் என்ன?

கம்பளையில் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும், அண்ணன் முறையில் எல்லோரும் ‘நானா’ என்று கூப்பிடும் நஸீபிடம், அங்கங்கே இடிபட்டு நெளிந்த பழைய ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் கார் ஒன்று இருந்தது. அதைப் புதுப்பித்து கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட நினைத்திருந்தார். சிந்துஜா போய்க் கேட்டபோது சிரித்துக்கொண்டே சம்மதித்தார்.

முதல் நாள் மெல்லிய தாளோடு போனாள். காரின் முன்மூடியான பொனட்டின் விளிம்பில் தாள் கிழிந்தது. மிச்சத்தை மழை நனைத்தது.

“உட்டுடுங்க தங்கச்சி. பெயின்ட் அடிச்ச பொறகு வாங்க, பளபளன்னு ஈக்கும்,” என்றார் நஸீப்.

“பளபளப்பு எனக்கு வேணாம் நானா. இந்த நெளிவுதான் வேணும்.”

தாள் சரிவராது என்று புரிந்தது. மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணி வாங்கினாள். கறுப்பு கிரேயோன்களைத் தகரடின்னில் உருக்கி, கைக்கு அடங்கும் கட்டிகளாக்கினாள். லீவு கேட்டு மறுபடி கம்பளைக்குப் போனால், கடை வாசலில் கார் இல்லை.

“கராஜுல இடம் கெடச்சிச்சு, நேத்தே உட்டுட்டேன்,” என்றார் நஸீப்.

கராஜுக்கு ஓடினாள். நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்தும் டிங்கர் வேலை செய்யும் சந்திரகுமார் இடப்பக்க முன்கதவில் பள்ளங்களை நிரப்பப் பட்டி பூசி, வழவழவென்று தேய்த்தும் விட்டிருந்தான். அந்தக் கதவிலிருந்த நெளிவுகள் போய்விட்டன.

“அண்ணே, மத்த இடத்தயெல்லாம் நான் துணியில எடுத்துக்கிறேன். அதுவரைக்கும் கை வைக்காதீங்க.”

“எனக்கு வேல நிக்குமே தங்கச்சி.”

“நிக்காது. நான் முடிக்க முடிக்க, நீங்க பின்னாலயே வாங்க.”

அவன் சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவளைப் பார்த்தான். “சரி, பாப்பமே.”

துணியை இழுத்துக் கட்டித் தேய்த்தாள். உலோகம் மேடாக இருந்த இடம் கறுத்தது. நெளிந்த இடம் வெள்ளையாகவே நின்றது. சக்கரத்துக்கு மேலிருந்த மட்காட்டை முடித்து நகர்ந்ததும் சந்திரகுமார் அங்கே தட்ட ஆரம்பித்தான். அவள் பொனட்டுக்குப் போனாள், அவன் பின்னாலேயே வந்தான். உள்ளங்கை கொப்பளித்ததும் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு தேய்த்தாள். பட்டி பூசிய கதவையும் விடவில்லை. அது ஒரே கறுப்பாக வந்தது. பொழுது சாயும்போது டிக்கியை முடித்து, தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்திரகுமார் பிளேன்டீ கொண்டுவந்து நீட்டினான்.

துணிகளைத் தைத்து ஒன்றாக்கி, மெழுகு பிடிக்க அயன் பண்ணி, சஞ்சீவனியிடம் எடுத்துப்போனாள். நிலத்தில் விரித்தால் அறை போதவில்லை. சஞ்சீவனி அதைச் சுற்றி நடந்தாள்.

“இந்தக் கதவு மட்டும் ஏன் இப்படி?”

“நான் போறதுக்குள்ள பட்டி பூசிட்டாங்க. காரு அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு.”

“இத மாட்டுற அளவுக்கு சுவர் இல்லையே,” என்றாள் சஞ்சீவனி. கொஞ்சம் யோசித்துவிட்டு, “படிக்கட்டுச் சுவர்ல மாட்டிப் பாப்போம்,” என்றாள்.

கண்காட்சிக்கு நஸீப் குடும்பத்தோடு வந்தார். யாரென்றே தெரியாத ஆட்களைக் கூப்பிட்டு வெள்ளை வெள்ளையான இடங்களைக் காட்டினார்: “இது ஆட்டோக்காரன் இடிச்சது. இது பலாப்பழம் உழுந்தது.” கறுத்த கதவுக்கு வந்ததும் கிட்டே போய் உற்றுப் பார்த்தார்.

“இதில என்ன ஈந்திச்சின்னு எனக்கே மறந்துபோச்சே,” என்றார் மெதுவாக.

பக்கத்தில் நின்ற ஒருவர், பேராதனையில் தன் மச்சானின் பழைய ஃபோக்ஸ்வேகனையும் அடுத்த மாதம் டிங்கருக்கு விடப்போவதாகச் சொன்னார்.

சிந்துஜா உடனே அவர் பக்கம் திரும்பினாள். “அதுக்கு முன்னாடி நான் வரலாமா? மச்சான்கிட்ட கேட்டுச் சொல்றீங்களா?”