பெடல்மேல் விட்டுப்போன கனம்

மண்ணூரில் அம்சவல்லி வீட்டு மாடியறையில் இசக்கிபாண்டி விடிகாலை ஐந்து மணிக்கு வாசித்த ஒரு சுரம், அவன் கம்பெனி பஸ் ஏறிப்போன பிறகும், ஏழு மணிக்கு மனைவி வேல்விழி வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்வரை ஓயவில்லை. புரட்டாசி தொடங்கியதிலிருந்து தினமும் இப்படித்தான். கீழ்வீட்டு அம்சவல்லி முதல் வாரம் மட்டும், “ஆளே இல்லாத வூட்ல இன்னாபா சத்தம் வந்துகினே கீது?” என்று கேட்டார். பிறகு அதைக் கேட்டபடியே வாசல் தெளிக்கப் பழகிவிட்டார்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து வந்த இருவருக்கும் வேறு வேறு கம்பெனி, ஓ.டி.யோடு பன்னிரண்டு மணி நேரம். அவனுக்குப் பகல், அவளுக்கு இரவு. ஒரே பாயில் ஆள் மாற்றி ஆள் படுத்தார்கள். ஞாயிறுகளில் சேர்ந்து தூங்கினார்கள், அவ்வளவுதான். ஆவணியில் அப்படியொரு ஞாயிறு வேல்விழி சொன்னாள்: “ஒங்க மொகமே மறந்துட்டு. பூட்டுன வீட்டத் தெறந்து தெறந்து சலிச்சுப்போச்சு. தீபாவளிக்கு முந்தி ஊருக்குப் போயிருவேன், திரும்ப வரமாட்டேன், பாத்துக்கிடுங்க.”

அவனிடம் இருந்தது, கலைந்துபோன ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் வாங்கிய பெடல் ஸ்டீல் கிட்டார். உட்கார்ந்து, கம்பிகளின்மேல் இரும்புத் துண்டை இழுத்து வாசிப்பது. கல்யாணத்துக்கு முன் அவள் மயங்கியது அதற்குத்தான். ஆனால் அவள் வந்து கதவைத் திறக்கும்வரை நிற்க வேண்டிய நாதம் நாலு நொடிகூட நிற்காது. சென்னைக் கடைக்காரர் ஜீவானந்தம் இரண்டு பெடல்களைக் காட்டினார். கம்ப்ரசர் நாதத்தைத் தானாக நீட்டும், கூடவே இரைச்சலையும். இரவெல்லாம் மெஷினோடு கிடந்து வருகிறவளுக்கு இன்னும் இரைச்சலா? வால்யூம் பெடலில் அந்த இரைச்சல் இல்லை. நாதம் தேயத் தேய மெல்ல மிதித்துக்கொண்டே வர வேண்டும். “ஆனா காலை மட்டும் எடுத்துடாத தலைவா” என்றார். இசக்கிபாண்டி அதையே வாங்கினான். கால் கம்பெனி அசெம்பிளி லைனில் நிற்க வேண்டியிருந்ததால் அதன் கனத்தை மட்டும் பெடல்மேல் விட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

வலது பாதம் தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நின்றது. சூப்பர்வைசர் நடேசன், “ஷூவ டைட்டா கட்டுபா” என்றதோடு சரி. கம்பெனி மருத்துவ முகாமில் எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. ஐப்பசியில் வேல்விழி பையில் துணிகளை அடுக்கி ஆணியில் மாட்டினாள்.

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, அவள் ஊருக்குப் போயிருப்பாள் என்ற நினைப்போடு இசக்கிபாண்டி வேலை முடிந்து படியேறினான். இடது கால் மட்டும் கடுத்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் ஒரு சுரம், கொஞ்சம் பிசகி, விடாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. வாசிக்கத் தெரியாதவர் வாசித்தது. உள்ளே பை ஆணியில் காலியாகத் தொங்கியது, துணிகள் கொடியில் கிடந்தன. அவனுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே பாயில் சாய்ந்து தூங்கிப்போனான்.

தை மாதம் வேல்விழியின் கம்பெனியில் எடை பார்த்தார்கள். ஒரு கிலோ குறைவு. நர்ஸ் அதை எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.