பிந்தி வந்த நாரை

மைக்கேல்சாமியின் குரலைக் கேட்காதவர்கள் புதுக்கோட்டைச் சீமையில் குறைவு. முகத்தைப் பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. சர்க்கார் பட வேன் ஓர் ஊருக்குள் வந்து, இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் திரையை இழுத்துக் கட்டினால், இருட்டியதும் எறும்புகளைப் பற்றியும் எரிமலைகளைப் பற்றியும் நட்சத்திரங்களைப் பற்றியும் படங்கள் ஓடும். படங்கள் இங்கிலீஷில் பேசும். அந்தச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, டைப் அடித்த தமிழ்த் தாள்களை மைக்கில் வாசிப்பது அவர் வேலை. வருஷக்கணக்கில் வாசித்ததில் எல்லாம் மனப்பாடம். ஜனங்கள் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்கள். அவர் அவர்கள் முதுகுக்குப் பின்னால், வேனின் நிழலில் உட்கார்ந்திருப்பார்.

ஒருமுறை ஆலங்குடி பஸ் ஸ்டாண்டில், சீனி கம்மியாக ஒரு டீ வேண்டுமென்று கேட்டார். பெஞ்சில் இருந்த ஒருவர் சட்டென்று திரும்பி, எறும்பு ராணி கதை சொன்னவர் நீங்கள்தானே என்று விசாரித்தார். எறும்பு தூங்குமா என்றும் கேட்டார். தூங்கும் என்று மைக்கேல்சாமி சொன்னார். அந்த மனிதர் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் விட்ட பேச்சைத் தொடர்ந்தார். அன்றைக்கு முழுவதும் மைக்கேல்சாமியிடம் ஒருவர் பேசியது அவ்வளவுதான்.

புதுக்கோட்டையில் அவருக்கு ஒரு வாடகை அறை இருந்தது. டூர் முடிந்து வந்தால் பூட்டைத் திறந்து, ஜன்னலைத் திறந்து, துணி துவைத்துப் போட்டு, மறுபடி டூர் வரும்வரை காத்திருப்பார். வேன் டிரைவர் நாகராசு நல்ல மனிதர். ஆனாலும் இருவருக்கும் பேச்சு டயரையும் ஜெனரேட்டரையும் தாண்டிப் போனதில்லை.

இதே அறையில் ஒரு காலத்தில் அவர் மனைவி வேளாங்கண்ணி இருந்தாள். மகள் அடைக்கலமேரி இருந்தாள். அவர் டூர் போகும்போதெல்லாம் வேளாங்கண்ணி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆவூரில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். ஐம்பத்திரண்டாம் வருஷம் கார்த்திகையில் அவர் மீமிசலில் இருந்தபோது, பிள்ளைக்குத் தொண்டை அடைத்துக் காய்ச்சல், உடனே வரவும் என்று தந்தி வந்தது. அவர் புறப்பட்ட அன்றைக்கே புயல் அடித்தது. ரோடெங்கும் மரம். பஸ் இல்லை, வேனும் நகரவில்லை. அவர் நடந்தார். ஆவூர் போய்ச் சேர்ந்தபோது பிள்ளையை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள்.

வாசலில் நின்ற மைத்துனன் சூசைராஜ், "படங் காட்டி முடிச்சாச்சா, மச்சான்?" என்றான்.

மைக்கேல்சாமி அவனைத் தாண்டி எட்டிப் பார்த்தார். உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த வேளாங்கண்ணி திரும்பவும் இல்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் போய் ஈரமண்ணைப் பார்த்துவிட்டு, அப்படியே புதுக்கோட்டைக்குத் திரும்பிவிட்டார். அவள் வருவாள் என்று காத்திருந்தார். அவள் வரவில்லை. கூப்பிட அவர் போகவில்லை. சண்டை என்று ஒன்று நடந்திருந்தால் சமாதானம் பேச யாராவது வந்திருப்பார்கள். சண்டையே நடக்கவில்லை. ஏழு வருஷம் ஓடிவிட்டது.

அந்த வருஷம் பங்குனி டூரில் ஆவூரும் இருந்தது. இதற்கு முன்னும் இருமுறை வந்ததுண்டு. இருமுறையும் உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிட்டார், வேறொருவர் வந்து வாசித்தார். இந்தத் தடவை லீவு எழுதத் தாளை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, எழுதாமல் மடித்து வைத்தார்.

மாதா கோவில் மைதானத்தில் திரை கட்டினார்கள். ஸ்பீக்கரை எங்கிட்டுத் திருப்பிக் கட்ட என்று நாகராசு கேட்டதற்கு, வேளாங்கண்ணியின் வீடு இருந்த தெற்குத் தெருப் பக்கம் என்றார். பாய்களோடு ஊர் வந்து உட்கார்ந்தது. முன்வரிசையில் சூசைராஜின் முதுகு தெரிந்தது. பெண்கள் பக்கம் அவர் கண்கள் தேடித் தேடி ஓய்ந்தன. வேளாங்கண்ணி வரவில்லை.

எறும்பும் ஆகாயமும் முடிந்தன. மூன்றாவது படம் நீர்ப்பறவைகள். ஏரி நடுவே மரங்கள், மரங்கள் நிறைய நாரைக் கூடுகள். புயல் வருகிறது. ஒரு கூடு சரிந்து தண்ணீரில் விழுகிறது. இரை தேடப் போன நாரை அலகில் மீனோடு திரும்பி வந்து, கூடு இருந்த கிளையைச் சுற்றுகிறது. சிறிது நேரம் வட்டமிட்டபின் நாரை வேறிடம் பறந்து செல்லும், இயற்கை எவருக்காகவும் காத்திருப்பதில்லை என்று வாசிக்கவேண்டும். நூறு ஊர்களில் வாசித்த வரிதான். அன்றைக்கு வாய் எழவில்லை. நாரை சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஜனங்கள் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். மைக்கேல்சாமி தாளைக் கீழே வைத்தார்.

"இந்த நாரை பிந்தி வந்திருச்சுன்னு நெனப்பீங்க. அது எங்கயும் சொகமா மேஞ்சுக்கிட்டு நிக்கல. காத்து அடிச்ச அடியில ரோடு எது, கம்மா எதுன்னு தெரியல. இடுப்புத் தண்ணியில நடந்துச்சு. செருப்பு அறுந்து போச்சு. அறந்தாங்கியில படுக்கச் சொன்னாங்க, படுக்கல. வரணும்னுதான் வந்துச்சு. வந்த எடத்துல யாரும் எப்பிடி வந்தேன்னு கேக்கல. அதுக்கும் சொல்லத் தெரியல."

நாரைக்கு ஏது செருப்பு என்று எங்கோ ஒரு சிரிப்புக் கிளம்பி உடனே அடங்கியது. படம் தீர்ந்து திரை வெறும் வெளிச்சமாக நின்றது. சூசைராஜ் எழுந்து பாயைச் சுருட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்துபோனான்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து ஜனங்கள் கலையும்போது வேளாங்கண்ணி வந்தாள். இரவு தங்கிய பள்ளிக்கூட வராந்தாவில் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த மைக்கேல்சாமி, காலடிச் சத்தம் அருகில் வந்து நின்றதும் நிமிர்ந்தார். அவள் காதோரம் நரைத்திருந்தது. தலையில் முக்காடு போட்டபடியே நின்றாள்.

"நீங்க பேசினது வீட்டுல கேட்டுச்சு. மீமிசல்லேருந்து நடந்தா வந்தீங்க?"

"ஆமா."

"சொல்லியிருக்கலாம்ல."

"நீ கேக்கல."

"நீங்களும்தான் கேக்கல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, வெகுநாள் மனசுக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொல்லாக வந்தது. "வந்த நாரையப் பத்தி அம்புட்டுச் சொன்னீங்க. கூட்டுல இருந்தது என்ன பண்ணுச்சுன்னு ஒரு வார்த்தை இல்ல. அதையும் யாராச்சும் கேக்கணும்ல."

மைக்கேல்சாமி பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்தார். அவர் தனியே அழுத நாட்களிலெல்லாம் தன் நடையையும் தன் தாமதத்தையும்தான் நினைத்து அழுதிருக்கிறார். அந்த வீட்டுக்குள் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

"சொல்லு, கண்ணி," என்றார்.

அவள் நின்றபடியே சொன்னாள். காற்று கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதைச் சொன்னாள். பிள்ளையைச் சேலைக்குள் சுற்றிக்கொண்டு கோவிலுக்குள் ஓடியதையும், டாக்டரைக் கூட்டிவரப் போன சூசைராஜ் வாய்க்கால் வெள்ளத்தைத் தாண்டமுடியாமல் அழுதுகொண்டே திரும்பியதையும் சொன்னாள். பிள்ளையால் தண்ணீர்கூட விழுங்கமுடியவில்லை. எறும்பு ராணி கதை சொல்லச் சொல்லிச் சைகை காட்டியது. வேளாங்கண்ணி தனக்குத் தெரிந்த மட்டும் கதையைச் சொன்னாள். பிள்ளை கையை ஆட்டி, அப்பா இப்படிச் சொல்லமாட்டார் என்பதுபோலச் சிரித்தது. மறுபடி முதலிலிருந்து சொன்னாள். விடியும்போது கதை கேட்க ஆள் இல்லை.

அவர் அழுதார். அவள் அழவில்லை, அவர் அழுது முடிக்கும்வரை நின்றாள். பிறகு, வாங்க என்று முன்னால் நடந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் மூலையில் சிறிய சிமெண்ட் சிலுவை ஒன்று இருந்தது. வருஷாவருஷம் சூசைராஜ்தான் சுண்ணாம்பு அடிப்பான் என்றாள். சுற்றிப் படர்ந்திருந்த நெருஞ்சியை இருவரும் குனிந்து பிடுங்கினார்கள். அதற்குள் வேன் ஹாரன் ஒருமுறை மெல்லக் கேட்டது.

"என்னோட வர்றியா?" என்று கேட்டார்.

அவள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். வருகிற மாதம் திருச்சியில் கன்னியாஸ்திரிகளின் ஹாஸ்டலுக்குச் சமையல் வேலைக்குப் போவதாகச் சொன்னாள். அங்கே நூறு பெண்பிள்ளைகள் படிக்கிறார்களாம்.

"இனி குடும்பம் வெக்கிற தெம்பு எனக்கு இல்லங்க. கல்லறைத் திருநாளுக்கு இங்க வருவேன். நீங்களும் வாங்க. லீவு போட்டுறாதீங்க."

"வாரேன்," என்றார்.

அவள் வீட்டுப் பக்கம் போனாள். அவர் வேனுக்குத் திரும்பினார். அன்றைக்கு விராலிமலையில் படம். வண்டி கப்பி ரோட்டில் ஏறியது. நேரமாகிவிட்டது என்று நாகராசு ஏதோ சொல்லிக்கொண்டு வந்தார். மைக்கேல்சாமி வெளியே கடலைக் காடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகராசு, எனக்கு ஒரு மக இருந்தா," என்றார்.

நாகராசு திரும்பிப் பார்த்தார். வண்டியின் வேகம் குறைந்தது.

"பேரு என்னங்க?" என்று கேட்டார்.

இன்ஜின் இரைச்சலில் சத்தமாகத்தான் சொல்லவேண்டியிருந்தது. மைக்கேல்சாமி பெயரைச் சொன்னார். பிறகு, அவளுக்கு என்னென்ன பிடிக்கும் என்று சொல்லத் தொடங்கினார்.